மவுஸ் இல்லாமல் பில் போட வழி கேட்டவர்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் யாராவது என்னைக் கேட்டால், என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு, "சண்டை விலக்குற வேலை, ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு" என்பார். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்றவர். பஞ்சுத் தூசியும் மிஷின் இரைச்சலும் இல்லாத எதையும் அவர் வேலை என்று ஒத்துக்கொண்டதில்லை. ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் சண்டை விலக்கித்தான் சம்பளம் வாங்கினேன். எல்லாம் முகம் தெரியாதவர்களின் சண்டை.

போன மாதம் பழைய ஆபீசிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். என் இடத்தில் இப்போது இருப்பவர்கள். கம்பெனியின் இணைய மன்றத்தில் வரும் சண்டைகளை இனிமேல் செயற்கை நுண்ணறிவே பார்த்துக்கொள்ளப் போகிறதாம். எதை விட வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். "நீங்க எப்படி முடிவெடுப்பீங்கன்னு எழுதிக் குடுங்க ரோஸ்லின் மேடம்" என்றார்கள். சரி என்றேன். அவர்கள் போன பிறகு உட்கார்ந்து பார்த்தேன். விதிகளாக எழுத வரவில்லை. நடந்தது மட்டும்தான் ஞாபகத்துக்கு வந்தது. மிஷின் பார்த்துக்கொண்டால் எனக்கு வருத்தமும் இல்லை. யாராவது பார்க்கட்டும். நான் பார்த்தது போதும்.

எங்கள் கம்பெனி கடைகளுக்கு பில் போடும் சாப்ட்வேர் எழுதி விற்றது. மருந்துக்கடை, பலசரக்குக்கடை, பால்கோவாக் கடை, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள் என்று இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க வாடிக்கையாளர்கள். நான் டைப் அடிக்கச் சேர்ந்து, பிறகு போனில் சந்தேகம் தீர்க்கிறவளாகி, கடைசியில் இணையத்தில் கம்பெனி திறந்த பயனர் மன்றத்தில் பதிவுகளை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர் ஆனேன். அந்தப் பதவியின் பெயரை என் வீட்டுக்காரரால் கடைசிவரை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை.

மன்றம் திறந்தது சந்தேகம் கேட்பதற்காக. பிரிண்டர் ஓடவில்லை, வரி கூட்டவில்லை, இந்த மாதிரி. கொஞ்ச நாளில் அங்கே கேட்பவர்கள் குறைந்து, சொல்பவர்கள் பெருகிவிட்டார்கள். எந்த போன் நல்லது, எந்த நெட் மோசம், இலவச சாப்ட்வேர் ஒழுங்கா, காசு கொடுத்து வாங்கியது ஒழுங்கா, கணக்கைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைப்பதா, இணையத்தில் வைப்பதா. ஒவ்வொருவரும் தான் வாங்கிய போனுக்காகச் சொத்துக்குச் சண்டை போடுகிற மாதிரி போட்டார்கள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு தலைவலியாக இருந்தது. அதற்கும் பிறகு ஒன்றுமே தோன்றாமல் போய்விட்டது. அதுதான் இந்த வேலையில் ஆபத்தான கட்டம் என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு மேலே மேனேஜர் ராஜு சார் இருந்தார். எங்கள் ஊரில் பாதிப்பேர் ராஜுதான் என்றாலும், ஆபீசில் வெறும் 'சார்' என்றால் அவர் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, சட்டைப்பையில் கண்ணாடி துடைக்கிற துணி. மன்றத்தின் சண்டைகளை அவர் திரையில் படிக்கவே மாட்டார். காலையில் யாராவது புகார் செய்திருந்த பதிவுகளை எல்லாம் நான் எடுத்து வைப்பேன். அவர் நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "படிங்கம்மா" என்பார்.

சத்தமாகப் படிக்க வேண்டும். அதிலும் கோபம் சேர்க்காமல் படிக்க வேண்டும். முதல் நாள் நான் ஒரு வசைப் பதிவை அதற்குரிய வேகத்தோடு படித்துவிட்டேன். சார் கையைத் தூக்கினார். "ஆகண்டி, ஆகண்டி" என்றார். பொறுங்கள் என்பதற்கு அவர் வீட்டுத் தெலுங்கு அது. "அவரு கோவத்த நீங்க ஏன் வாங்கிக்கிடுதீங்க? கரண்டு பில்லு படிக்க மாதிரி படிங்க."

அப்படியே படித்தேன். ஆச்சரியமாக இருந்தது. திரையில் நெருப்பாக இருந்த பல பதிவுகள் வாய்விட்டுப் படித்ததும் அணைந்துபோயின. மரியாதையாக எழுதப்பட்டிருந்த சிலவற்றிலிருந்து விஷம் சொட்டியது. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இதுல அவரு எதையாவது கேக்காரா?" கேட்கிறார் என்றால் எவ்வளவு கெட்டவார்த்தை இருந்தாலும் அந்த வார்த்தையை மட்டும் நீக்கிவிட்டுப் பதிவை விட்டுவிடச் சொல்வார். எதையும் கேட்கவில்லை, அடுத்தவனைக் குத்த மட்டும் எழுதியிருக்கிறான் என்றால் எடுத்துவிட வேண்டும். இன்னொரு கண்டிப்பும் அவரிடம் இருந்தது. புனைபெயருக்குப் பின்னால் இருப்பது எந்த வாடிக்கையாளர் என்று எங்கள் கம்ப்யூட்டரில் தேடினால் தெரிந்துவிடும். தேடக் கூடாது. "அவரு முகத்த மூடிக்கிட்டு வந்தா, மூடித்தான் இருக்கட்டும்" என்பார்.

அந்தக் கண்டிப்பு எதற்கு என்று சத்திரப்பட்டிக்காரர்கள் இரண்டு பேர் விஷயத்தில் எனக்குப் புரிந்தது. மாமனும் மச்சினனும் சேர்ந்து பேண்டேஜ் தறிகள் ஓட்டினார்கள். இரண்டு பேரும் மன்றத்தில் வேறு வேறு பெயர்களில் இருந்தது ஒருவருக்கொருவர் தெரியாது. கணக்கை இணையத்தில் வைக்கலாமா என்ற விவாதத்தில் எதிரெதிராக நின்றார்கள். மாமன் வைக்கக் கூடாது என்கிற கட்சி. நாள்போக்கில் மச்சினனுக்கு எழுத்தின் சாயலிலேயே ஆள் பிடிபட்டுவிட்டது. உடனே, "சொந்தத் தங்கச்சி நகையை அடகு வைத்துத் தறி வாங்கியவர் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார்" என்று எழுதிவிட்டார். புகார் வருமுன்பே நான் அதை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, படிக்க வேண்டியவர் படித்துவிட்டார். கொஞ்ச காலத்தில் தறிகளைப் பிரித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு பேரும் எங்களிடம் தனித்தனியாக சாப்ட்வேர் வாங்கினார்கள். விற்பனைப் பிரிவில் அதைச் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

நான் சொல்ல வந்தது தீவனக்கடைக்காரரைப் பற்றி.

கம்பெனியை முதலாளியான பெரியவரிடமிருந்து அவர் மகன் எடுத்து நடத்தத் தொடங்கிய சமயம். சின்னவர் கெட்டிக்காரர், உழைப்பாளி. பழைய சாப்ட்வேரைத் தூக்கிவிட்டு, போனிலும் தொடுதிரையிலும் ஓடுகிற புதியதைக் கொண்டுவந்தார். பழையது கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகளாக இருக்கும். எல்லாவற்றையும் விசைப்பலகையிலேயே செய்துவிடலாம். புதியதில் கலர் கலராகப் படங்கள். மவுஸால் அழுத்த வேண்டும், இல்லையென்றால் விரலால் தொட வேண்டும். மார்ச்சோடு பழையது நின்றுவிடும் என்று அறிவித்தார்கள்.

மன்றத்தில் பெரும் சண்டை மூண்டது. புதியது வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், பழையதே போதும் என்பவர்கள் மறுபக்கம். இதற்கு நடுவில் 'தீவனக்கடை' என்ற பெயரில் ஒருவர் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மவுஸ் இல்லாமல் பில் போட ஒரு வழி வையுங்கள். அவ்வளவுதான். பதிலுக்குக் கேலிதான் வந்தது. மவுஸ் வாங்கக் காசில்லையா என்றார்கள். காலத்தோடு போகத் தெரியாதவர் கடையை மூடிவிட்டுப் போகலாம் என்றார்கள். அவரும் சும்மா இருக்கவில்லை. "உன் கடையில் வியாபாரம் இல்லை, அதனால் படம் பார்க்க நேரம் இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார். அவருடைய எழுத்தில் ல, ள, ழ எல்லாம் இடம் மாறி விழும். அதையும் வைத்துச் சிரித்தார்கள். 'டெக்புலி' என்று ஒருவர், படிப்பவர்களைச் சிரிக்க வைப்பதற்காகவே அவரைத் தேடித் தேடி வம்புக்கு இழுப்பார்.

சின்னவரிடமிருந்து உத்தரவு வந்தது. புதிய சாப்ட்வேரை வாங்க நினைப்பவர்கள் மன்றத்தைத் திறந்து பார்த்தால் முதலில் இந்தச் சண்டைதான் கண்ணில் படுகிறது, அந்தத் தீவனக்கடையை நீக்கிவிடுங்கள் என்று. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நீக்குவதற்கு முன்னால் வழக்கப்படி சாருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு கேள்விக்கு வந்த பதில்கள் எல்லாம் கோத்த நீளமான இழை. காலையில் தொடங்கிப் படித்துக்கொண்டே போனேன். எனக்கே அலுத்துப்போய், குரலில் எந்த உணர்ச்சியும் மிச்சம் இல்லை.

"டெக்புலி எழுதியிருக்காரு சார். பில் பட்டன் எங்கே இருக்கிறது என்று படத்தில் சிவப்பு வட்டமே போட்டுக் காட்டியிருக்கிறேன். இதற்கு மேலும் என்ன வேண்டும்? உமக்குக் கண் தெரியுமா, தெரியாதா?"

"அதுக்கு இவரு?"

"தெரியாது."

"ம்."

"அடுத்தது, ஒருத்தர் சிரிக்கிற பொம்மை போட்டிருக்காரு. செம பதில்னு ஒருத்தர். திமிரப் பாருன்னு ஒருத்தர். பொறவு வரிசையா சிரிப்புதான் சார்."

சாரின் கை கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தியது. "ஆகண்டி. இவரு சொன்னத இன்னொருக்க படிங்க."

"தெரியாது."

"கூட வேற என்ன எழுதியிருக்காரு?"

"வேற ஒண்ணும் இல்ல சார். அந்த ஒரு வார்த்தைதான்."

"இது கேலின்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் சிரிச்சிருக்காங்களே சார்."

"சிரிச்சது அவுங்க. இவரு சிரிக்கலையே."

நான் திரையைப் பார்த்தேன். அந்த வார்த்தையை முந்தின நாளே படித்திருந்தேன். நானும் அதைத் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். இழையின் தொடக்கத்துக்குப் போய் அவர் எழுதியதை மட்டும் தனியாகப் படித்தோம். யாராவது விளக்கத்துக்குப் படம் போட்டால், ஒவ்வொரு தடவையும், "வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். ஒவ்வொரு தடவையும். அதையும் வீம்பு என்று நினைத்திருந்தோம்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, முகத்தை மூடி வந்தவரைத் தேடக் கூடாது என்று சொன்ன அவரே, "நம்பர் எடுங்கம்மா" என்றார். போனில் தன் பெயரைச் சொல்லி, கடைக்கு வந்து பார்க்கலாமா என்று அனுமதி கேட்டார். "வியாவாரத்துக்கு நடுவுல பேசுறதுன்னா வாங்க" என்று பதில் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் இறங்கி, வன்னியம்பட்டி போகிற ரோட்டில் விசாரித்துப் போனோம். கடை வாசலில் நிற்கும்போதே பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் மணத்தன. கல்லாவுக்குப் பின்னால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், சங்கரபாண்டி. ஒரு காதில் இயர்போன். மற்றக் காது வாடிக்கையாளர்களுக்கு. பார்வை எங்கேயும் நிற்கவில்லை. கை மட்டும் விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய சாப்ட்வேர்தான். அதன் எழுத்துகளை ஒரு பேசும் மென்பொருள் அவர் காதில் படித்துக்கொண்டிருந்தது. பில் வந்ததும் கிழித்து நீட்டி, "ஏலே, தவிடு ரெண்டு, புண்ணாக்கு ஒண்ணு, ஏத்து" என்று சுமை தூக்குகிறவரிடம் சொன்னார். வாலிப வயதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போனதாம். மதுரையில் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து கடையைத் தொடங்கியிருக்கிறார். எங்களிடம் எத்தனையோ தடவை போனில் பேசியிருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது.

"அண்ணாச்சி, மொதல்லயே வெவரமாச் சொல்லிருக்கலாமே?" என்று நான் கேட்டேன்.

"சொல்லத்தான செஞ்சேன்? தெரியுமா தெரியாதான்னான். தெரியாதுன்னேன். அதுக்கு மேல எப்பிடிச் சொல்ல?" கோபம் இல்லாமல்தான் சொன்னார். "பொறவு எல்லாரும் சிரிச்சதா மிஷினு படிச்சுச்சு. சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம், சிரிக்கும் முகம்னு. எம்புட்டு நேரம் படிச்சுச்சு தெரியுமா? நிறுத்தணும்னுகூடத் தோணல. கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்க மன்றத்துல எழுதட்டுமா? உங்க நெலம தெரிஞ்சா ஒருத்தரும் பேச மாட்டாங்க" என்றேன்.

"வேண்டாம்." சட்டென்று சொன்னார். "எழுதுனீயன்னா எல்லாவனும் மன்னிச்சுருங்கன்னு எழுதுவான். அத வச்சு நான் பில்லா போட? நான் ஒங்க கிட்ட கடைக்காரனாத்தான் காசு குடுத்து வாங்குனேன். கடைக்காரனாத்தான் கேக்கேன். கண்ணு தெரியாதவன்னு கேட்டா, பாவம்னு பழசையே எனக்கு மட்டும் ஓட்டிக் குடுப்பிய. ரெண்டு வருசத்துல அதுவும் நின்னுபோவும். அப்ப யாருட்ட போயி நிக்க?"

அவர் மனைவி பேச்சியம்மாள் டீ கொண்டுவந்து கொடுத்தார். கணவர் வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "மார்ச்சுக்குப் பொறவு இவிய தம்பி வந்து உக்காரப் போறாரு மேடம். தேவதானத்துல வெவசாயம் பாக்காரு. அவரு உக்காந்தா பொறவு எந்திரிக்க மாட்டாரு. இவியளுக்கு இந்த நாற்காலிய விட்டா வேற என்ன இருக்கு?"

எந்த போன் நல்லது என்று வருடக்கணக்கில் சண்டை கேட்டுக் கேட்டு மரத்துப்போயிருந்த எனக்கு, அந்தச் சண்டையின் மறுமுனையில் ஒரு மனிதனுடைய நாற்காலி இருக்கும் என்று அன்றுவரை தோன்றியதே இல்லை.

இப்போது எங்களுக்குச் சிக்கல். உண்மையைச் சொன்னால் ஒரே நாளில் விவாதம் முடிந்துவிடும். அவரோ சொல்லக் கூடாது என்கிறார். சொல்லாமல் சின்னவரை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். புரோகிராம் எழுதுகிற பிரபுவிடம் கேட்டால், மவுஸ் இல்லாத வழி வைக்க மாதக்கணக்கில் ஆகும், ஒரு கடைக்காக அதைச் செய்ய முடியாது என்றார். ஒரு கடைதானா என்று பார்ப்போம் என்று சார் சொன்னார். அந்த இழையைத் திரும்ப எடுத்தோம். இந்தத் தடவை வசைகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, கேள்விகளை மட்டும் தேடினோம்.

சத்தத்துக்கு அடியில் அமுங்கிக் கிடந்தார்கள். பால்கோவாக் கடை அம்மா ஒருவர், கையெல்லாம் நெய்யாக இருக்கிறது, திரையைத் தொட்டால் வேலை செய்யவில்லை என்று ஒரே ஒரு தடவை எழுதிவிட்டுப் போயிருந்தார். அவருக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. சோழபுரத்து அரிசி மில்காரருக்கு மாவுத்தூசியில் மவுஸ் நின்றுவிடுகிறதாம். ஒரு மருந்துக்கடைக்காரருக்குக் கை நடுக்கம், சின்னப் படத்தில் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்த முடியவில்லை. நான் ஒவ்வொருவருக்கும் போன் செய்து பேசினேன். பேசியவர்களில் ஒருவர்கூட மன்றத்தில் இரண்டாம் தடவை எழுதியிருக்கவில்லை. "அங்க வந்தா ஏசுதாங்களே மேடம்" என்றார் பால்கோவாக் கடை அம்மா.

சார் சின்னவரிடம் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கடையாகச் சொன்னார். தீவனக்கடையைப் பற்றி, கண்ணைத் தவிர மற்றதை எல்லாம் சொன்னார். சின்னவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி சார். பிரபு கிட்ட சொல்லுதேன். கீபோர்டு வழி வச்சுருவோம். ஆனா அந்த ஆள மட்டும் தூக்கிருங்க. நாம செஞ்சு குடுத்தா, நான் கத்துனதுனாலதான் குடுத்தான்னு எழுதுவாரு. நாளைக்கு எல்லாரும் கத்துவாங்க."

"அவரு கேட்டதத்தான தம்பி செய்யப் போறோம்?"

"செய்யப் போறோம்ல சார்? அப்பொறம் என்ன?"

"கேட்ட ஆள வெளிய தள்ளிட்டு, கேட்டத மட்டும் எடுத்துக்கிடுறது எனக்கு ஒப்பல தம்பி. நான் செய்ய மாட்டேன். ரோஸ்லினும் செய்ய வேண்டாம்."

சின்னவர் குரலை உயர்த்தவில்லை. தன் கம்ப்யூட்டரைத் திருப்பி, அவரே அந்தப் பெயரைத் தேடி, நீக்கினார். அடுத்த வாரம் மன்றத்தின் பொறுப்பு சாரிடமிருந்து விற்பனைப் பிரிவுக்குப் போயிற்று. சாருக்குச் சரக்கு அறையில் பிரிண்டர், காகிதம் எல்லாம் சரிபார்க்கிற வேலை. அவர் நாற்காலி அங்கே போனபோது நான்தான் கூடவே நடந்துபோனேன். அதற்குப் பிறகு சத்தமாகப் படிக்க எனக்கு ஆள் இல்லை. தனியாக, மனசுக்குள் படித்துக்கொண்டேன்.

நீக்கப்பட்ட செய்தியைப் போனில் சொன்னபோது சங்கரபாண்டி சிரித்தார். "விடுங்க மேடம். இனி செத்த நேரம் காதுக்கு ஓய்வு."

மீதியை முதலில் சொல்லிவிடுகிறேன். சார் ஓய்வு பெறும்வரை சரக்கு அறையிலேயே இருந்தார். ஓய்வுக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில் இறந்துபோனார். நான் அதற்கப்புறமும் மன்றத்தில் இருந்தேன். கீபோர்டு வழி வந்துவிட்டது என்று அறிவித்த அன்று அங்கே ஒரே கொண்டாட்டம். பழையதே போதும் என்ற கட்சி, தங்கள் போராட்டம் வென்றது என்று எழுதியது. புதிய கட்சி, புதியதில்தான் இந்த வசதி வந்தது என்று எழுதியது. விரல் தேயத் தேய மவுஸ் எதற்கு, கீபோர்டுதான் வேகம் என்று டெக்புலி நீளமாக ஒரு பாடம் நடத்தினார். நிறையப் பேர் அதைப் பாராட்டினார்கள். அதை முதலில் கேட்டவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் எல்லாரும் வேறொரு சண்டைக்குப் போய்விட்டார்கள். யாருடைய நெட் கோபுரம் தொல்லை தருகிறது என்ற சண்டை அது என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை. எல்லாம் ஒன்று மாதிரியே இருந்தது.

ஆனால் அந்த அறிவிப்புக்கு முன்பு ஒரு நாள் இருந்தது. எழுதித் தரச் சொன்ன அந்தப் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த நாளைத்தான்.

பிரபுவின் வேலை தாமதமாகி, பழைய சாப்ட்வேர் மார்ச்சோடு நின்றுபோயிருந்தது. பேச்சியம்மாள் பயந்தபடியே தேவதானத்திலிருந்து தம்பி வந்து உட்கார்ந்துவிட்டார். புதிய சாப்ட்வேரில் மவுஸை வைத்து பில் போட்டார். அண்ணன் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தார். மன்றத்திலிருந்து நீக்கப்பட்டவர் என்பதால் அறிவிப்பு அவர் காதுக்குப் போகாது. அதனால் கீபோர்டு வழி தயாரான அன்றே பிரபுவைக் கூட்டிக்கொண்டு நேரே போனேன்.

தம்பி எங்களை நன்றாகத்தான் வரவேற்றார். "எனக்குச் சொல்லிக் குடுங்க மேடம். அண்ணனுக்கு எதுக்குச் சிரமம்? இம்புட்டு நாளா கஷ்டப்பட்டாச்சு. இனி ஓய்வா இருக்கட்டும்" என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. அண்ணன் மேல் அவருக்குப் பிரியம் இருந்தது. நாற்காலி மேலும் இருந்தது.

பிரபு என் முகத்தைப் பார்த்தார். நான், "அண்ணாச்சி பேருலதான் லைசென்ஸ் இருக்கு. அவியதான் மொதல்ல திறக்கணும்" என்றேன்.

சங்கரபாண்டி மூட்டைகளைத் தடவிக்கொண்டு கல்லாவுக்கு வந்தார். தம்பி எழுந்திருக்கவில்லை. விசைப்பலகையை மட்டும் மேஜையின் ஓரத்துக்கு நகர்த்திக் கொடுத்தார். இவரும் எழுந்திரு என்று சொல்லவில்லை. இயர்போனைக் காதில் வைத்து, நின்றுகொண்டே, குனிந்து தொடங்கினார். முதல் பில் தப்பாகப் போயிற்று. இரண்டாவதும் தப்பு. தம்பி மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். "இரு" என்றார் அண்ணன். மூன்றாவது பில் அச்சானது. அதைத் தடவிப் பார்த்து, கிழித்து, காத்திருந்த ஆளிடம் கொடுத்தார்.

பிறகு வியாபாரம் சூடுபிடித்தது. மாட்டுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் காலி ஸ்டூலைப் பார்த்துவிட்டு, அவர் கல்லாவில் நிற்பதைக் கண்டு, "அண்ணாச்சி, வந்துட்டியளா?" என்றார்கள். எங்கேயோ ஊருக்குப் போய்விட்டு வந்தவரைக் கேட்கிற மாதிரி. அவர் ஒவ்வொருவரையும் குரலை வைத்தே பெயர் சொல்லி விசாரித்தார். கை நிற்கவில்லை. குனிந்த முதுகு நிமிரவும் இல்லை. பிரபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதில் நாங்கள் சொல்ல ஒன்றும் இல்லை.

வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு லாரி வந்து நின்றது. சுமை தூக்குகிறவரால் தனியாக இறக்க முடியவில்லை. வாசலிலிருந்து சத்தம் கொடுத்தார். தம்பி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார்.

சங்கரபாண்டி பின்னால் கையை விட்டு நாற்காலியைத் தேடினார். கை பட்டது. உட்கார்ந்தார். இரண்டு கைகளாலும் அதன் பக்கங்களைப் பிடித்து மேஜைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "அடுத்தது யாரு?" என்றார்.

மத்தியானம் பேச்சியம்மாள் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து, உள்ளே வந்து சாப்பிடும்படி கூப்பிட்டார்.

"இங்கனயே வச்சுரு" என்றார் அவர். "நான் எந்திரிக்கல."